திருநலவேலி

சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுச் சுவரைத் தொட்டால் கை சுடும். அப்படி ஒரு புதன்கிழமை. மேசையில் லேப்டாப், அதன் பக்கத்தில் தமிழய்யாவின் பழைய நோட்டு, அதன் பக்கத்தில் அம்மா கொண்டுவந்து வைத்த கருப்பட்டிக் காப்பி. ஃபேன் காற்றுக்கு நோட்டிலிருந்து ஒரு தாள் எழுந்து பறந்தது. பிடிக்கக் கையை நீட்டினேன். தாளைப் பிடித்துவிட்டேன். டம்ளரைப் பிடிக்கவில்லை.

நான் வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறவள். ஆய்வேடு, பள்ளி ஆண்டுமலர், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எதுவும் வரும். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. அன்றைக்குக் கையில் இருந்தது சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஊர் சுடலைமாடன் கோயில் கொடைக்கான சிறு புத்தகம். கோயில் வரலாறு நாலு பக்கம், வரி கொடுத்தவர்கள் பட்டியல் ஆறு பக்கம், மீதி இருபது சொச்சம் பக்கமும் வில்லுப்பாட்டில் பாடுகிற மாடன் கதை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் வீட்டு ஏட்டைப் பார்த்து எழுதிவைத்த நோட்டு அது. அடுத்த புதனுக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

காப்பி சிந்தியதும் நான் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. சார்ஜரைப் பிடுங்கினேன், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன், மூடியை விரித்துக் கூரை மாதிரி கவிழ்த்து வைத்தேன். இதெல்லாம் சரி. கழற்றுகிற பேட்டரி உள்ள பழைய மாடல். அதைக் கழற்றத் தோன்றவே பத்து நிமிஷம் ஆயிற்று. அதுதான் முதலில் செய்திருக்க வேண்டியது. ஈரமும் மின்சாரமும் உள்ளே ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உலோகம் அரிக்கிற நிமிஷம்.

"அரிசிப் பானைக்குள்ள போட்டு வையி, ஈரத்த எல்லாம் உறிஞ்சிரும்" என்றாள் அம்மா. இந்த யோசனை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அரிசி ஒன்றும் பெரிதாக உறிஞ்சாது, ஃபேனடியில் வைத்தாலே அதைவிட நன்றாகக் காயும், அரிசித் தூசி வேறு உள்ளே போகும். அதைவிடப் பெரிய விஷயம், காய்ந்துபோவது தண்ணீர் மட்டும்தான். கருப்பட்டி எங்கேயும் போகாது. வெயிலில் பாகு காய்கிற மாதிரி உள்ளேயே உட்கார்ந்துவிடும், காற்றில் ஈரம் கூடினால் மறுபடி பிசுபிசுக்கும். ஆனால் இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் காயவைத்து வெள்ளிக்கிழமை போட்டேன். எல்லாக் கீயும் வேலை செய்தது. "பாத்தியா, ஒண்ணுஞ் செய்யல" என்று அம்மாவும் நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

சனிக்கிழமை காலையில் எஃப் போயிற்று. மத்தியானம் ஜி. சாயங்காலத்துக்குள் ஆர், அப்புறம் மேலே இருக்கிற 4.

ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கு இது மூன்று எழுத்து, ஒரு எண். நான் அடிப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அதில் எஃப் என்பது புள்ளி. ஜி என்பது எ. ஆர் என்பது ஐ. ஆக, என் லேப்டாப்பில் புள்ளியும் எகரமும் ஐகாரமும் ஒரே நாளில் செத்துப்போயின.

ஆனால் முழுக்கச் சாகவில்லை, அதுதான் வேடிக்கை. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற மாதிரி இணைகளுக்கும் அப்படியே. அதனால் அம்மாவும் அப்பாவும் பிழைத்துக்கொண்டார்கள். பக்கம் என்று அடித்தால் நடுப்புள்ளி வந்தது, கடைசிப் புள்ளி வரவில்லை: பக்கம. திருநெல்வேலி என்று அடித்தேன். திருநலவேலி என்று வந்தது. தென்காசி தனகாசி ஆயிற்று. நெல்லையப்பர் நல்லயப்பர ஆனார். பாளையங்கோட்டையும் கல்லிடைக்குறிச்சியும் பாளயங்கோட்ட, கல்லிடக்குறிச்சி என்று வந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பேச்சில் நாங்கள் அப்படித்தானே சொல்கிறோம்? தாமிரபரணி மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் ஓடிற்று. அந்தப் பெயரில் புள்ளியும் இல்லை, எ, ஐ இரண்டும் இல்லை.

முதலில் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பலனில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் அந்த நாலு கீ அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் யுஎஸ்பி கீபோர்டைப் பத்து நிமிஷம் கடன் வாங்கிக் குத்திப் பார்த்தேன். புள்ளி அழகாக விழுந்தது. அப்படியென்றால் விண்டோஸிலோ தமிழ் மென்பொருளிலோ கோளாறில்லை, கோளாறு லேப்டாப்பின் கீபோர்டிலேயே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. என்னிடம் வேலை கொடுக்கிற ஒருவர் கீபோர்டு மொத்தமும் செத்துவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார். வலது ஷிஃப்டை எட்டு விநாடி விடாமல் அமுக்கினால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று விழித்துக்கொள்ளும். அதன்பிறகு கீயைச் சும்மா தட்டினால் ஏற்காது, நேரம் பிடித்து அமுக்க வேண்டும். அவர் கை ஊன்றித் தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இன்னொருவருக்கு நம்லாக் விழுந்து யு, ஐ, ஓ எல்லாம் 4, 5, 6 ஆகிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

பையன் கீபோர்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவனுக்குப் பரீட்சையோ விளையாட்டோ. மறுநாள் ஞாயிறு, கடை இருக்காது. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? புள்ளிக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ன் வேண்டுமென்றால் ன இரண்டு முறை அடிக்க வேண்டும், ன்ன என்று வரும், பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் பின்னால் உள்ள ன போய் ன் நிற்கும். ஒரு புள்ளிக்கு இரண்டு தட்டு. அரைப் பக்கம் இப்படி அடித்தேன். விரல் கேட்கவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்த காலத்தில் புள்ளியை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்போம். அதை மறந்து தமிழ்99க்கு வரவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது மூன்றாவதாக ஒரு பழக்கமா? சவத்தை விடு என்று புள்ளியில்லாமலே கடகடவென்று பாட்டு முழுவதையும் அடித்து முடித்தேன். கீபோர்டு சரியானதும் திருத்திக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் தமிழய்யா வந்து நின்றார். எழுபது தாண்டியவர், இன்னமும் சைக்கிள்தான்.

"என்னம்மா, எதுவரைக்கும் வந்திருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அடித்தவரைக்கும் காட்டு என்றார். "ஐயா, அது பாக்கிற மாதிரி இல்ல" என்றேன். "பாட்டு விட்டுப்போவுதான்னு பாக்கத்தானே வந்தேன், கொண்டா தாயி" என்றார். வேறு வழியில்லாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பில் ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் அரை மார்க்காகக் குறைத்தவர்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அதில் ஓர் அடி இப்படி இருந்தது:

காவல நின்ற மாடன வந்தார
கயில தீவட்டி கொண்டு வந்தார

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வாசித்தார். காவல் நின்ற மாடன் வந்தார், கையில் தீவட்டி கொண்டு வந்தார். ஒரு இடத்திலும் தட்டவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். எட்டாவது பக்கத்தில் நிறுத்தி, "இங்ஙன ரெண்டு அடி விட்டிருக்கு" என்றார். நோட்டைப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தது.

"புள்ளி இல்லாம எப்பிடிங்கய்யா வாசிக்கீங்க?"

"ஏட்டுல புள்ளி ஏதும்மா?"

அப்புறம் அரைமணி நேரம் பாடம். ஓலையில் எழுத்தாணியால் எழுதும்போது புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், அதனால் ஏடெழுதியவர்கள் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லியும் ஏட்டில் அது இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும்கூட ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மேல்சுழித்த கொம்பை நெட்டெழுத்துக்கு என்று பிரித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அந்தப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து பணிசெய்த ஊர்களில் ஒன்று கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டி. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் கவிராயர் வீடுகளுக்கு வந்தாரே, அவருக்குக் கிடைத்ததும் இப்படிப் புள்ளியில்லாத ஓலைகள்தான். "பதம் தெரிஞ்சவனுக்குப் புள்ளி தன்னால விழும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா உன் தாளு ஏட்டவிட மோசம். ஏட்டுல எகரத்துக்குக் கொம்பாவது இருக்கும். நீ கொம்பையும்லா முழுங்கிட்டே" என்று சிரித்தார்.

போகும்போது அந்தத் தாள்களையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடைக்குப் போனேன். மாடியில் ஒரு ஆள் நிற்கிற அளவு அறை. தம்பிக்கு முப்பது வயசிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம்தான் அவனை எனக்குப் பழக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆறு ஏறி வந்ததே, அப்போது வண்டல் மண்ணோடு வந்த லேப்டாப்களை அவன் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"என்னத்தக்கா ஊத்துனீங்க?"

"காப்பி. கருப்பட்டி போட்டது."

"பச்சத் தண்ணின்னா காஞ்சிரும்க்கா. இனிப்புன்னா காயாது."

முதலில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பேட்டரி உப்பியிருந்தால் அது கீபோர்டை அடியிலிருந்து தூக்கும், அப்போதும் கீ மக்கர் பண்ணும், அதைக் கவனிக்காமல் கீபோர்டை மாற்றுகிறவர்கள் உண்டாம். என்னுடையதில் உப்பல் இல்லை. மேல் ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பிக் கீபோர்டைத் தூக்கினான். அடியில் தட்டையான ரிப்பன் ஒன்று போர்டுக்குள் போகிறது. "இங்கதான்க்கா பையச் செய்யணும்" என்று சொல்லி நகத்தால் ஒரு சின்னக் கறுப்புப் பூட்டை நிமிர்த்தினான். வீட்டில் யூடியூப் பார்த்துக் கழற்றுகிறவர்கள் அந்தப் பூட்டைத் தூக்காமல் ரிப்பனைப் பிடித்து இழுப்பார்கள். பூட்டு ஒடிந்தால் வேலை கீபோர்டோடு நிற்காது.

எஃப் கீயை மட்டும் கழற்றிக் காட்டினான். மேல்மூடிக்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக மடங்குகிற இரண்டு பிளாஸ்டிக் துண்டு, நடுவில் ரப்பர்க் குமிழ், அதைச் சுற்றி அரக்கு நிறத்தில் ஒரு வளையம். முகர்ந்து பார்த்தேன். கருப்பட்டி வாசம் போகவேயில்லை.

நாலு கீ மட்டும் ஏன் என்று கேட்டேன். ரப்பருக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். மேல் ஷீட்டிலும் கீழ் ஷீட்டிலும் வெள்ளிக் குழம்பால் அச்சடித்த கோடுகள். நடு ஷீட்டில் கீ இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை. அமுக்கும்போது அந்த ஓட்டை வழியாக மேல்கோடும் கீழ்க்கோடும் தொட்டுக்கொள்ளும். எண்பது சொச்சம் கீக்குத் தனித்தனிக் கம்பி கொடுத்தால் ரிப்பன் தாங்காது. அதனால் குறுக்கும் நெடுக்குமாக வலை. 8 குறுக்கு, 16 நெடுக்கு என்பது வழக்கமான கணக்கு. 128 சந்திப்பு கிடைக்கும், எண்பது கீக்கு அது தாராளம். எந்தக் குறுக்கும் எந்த நெடுக்கும் தொட்டது என்று பார்த்து எந்தக் கீ என்று போர்டில் உள்ள சிப் கண்டுகொள்ளும்.

அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பத்தமடைப் பாய்தான் ஞாபகம் வந்தது. பாவு நூலுக்குக் குறுக்கே கோரை ஓடும். ஒரு பாவு நூல் அறுந்தால் அந்த நூல் பிடித்திருந்த கோரையெல்லாம் அந்த இடத்தில் கழன்று நிற்கும், பக்கத்து நூலில் ஒன்றும் ஆகாது. எஃப், ஜி, ஆர், 4 நாலும் என் கீபோர்டில் ஒரே நூலில் கோத்தவை. காப்பி இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் ஊறிப்போய் அந்த ஒரு கோட்டை அரித்திருக்கிறது. ஒரு கீ மட்டும் போனால் அது அந்தக் கீயின் அழுக்கோ ரப்பரோ; ஒரு கூட்டமே சேர்ந்து போனால் கோடு. இதைத் தெரிந்துகொண்டதற்கே அன்றைய ஆட்டோக் காசு தகும்.

"புதுசு போட்டிரலாம்க்கா, 900 ரூவா. நாளு ஆவும்." கீபோர்டின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ரிப்பன் வேறு பக்கம் இருக்கும், இல்லையென்றால் என்டர் கீ வேறு வடிவத்தில் வரும். புதிய லேப்டாப் பலவற்றில் கீபோர்டை மேல் உடம்போடு பிளாஸ்டிக் ஆணி வைத்து உருக்கியே ஒட்டிவிடுகிறார்கள், அதில் மொத்த மேல்பாகத்தையும் மாற்றுவார்கள், செலவு எங்கேயோ போகும். பழசு வைத்திருப்பதில் இப்படி ஒரு லாபம்.

"புதன்கிழமைக்குள்ள கொடைப் புஸ்தகம் போகணும் தம்பி."

"என்ன கொடை?"

"சுடலைமாடன்."

அவன் ஒன்றும் பேசாமல் ஷீட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். இந்த வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நேரம் பிடிக்கும், உத்தரவாதமும் கிடையாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கறையைத் துடைத்தான். கறை போனதும் ஒரு கோட்டில் அரை விரல் அளவுக்கு வெள்ளி கறுத்து நடுவில் அறுந்திருந்தது தெரிந்தது. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் கோட்டின் இரண்டு பக்கம் வைத்தான். சத்தமில்லை. குண்டூசி முனையில் வெள்ளிப் பெயின்ட்டைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளியில் இழுத்தான். மயிரிழை ஒன்று அகன்றால் பக்கத்துக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். காயவிட்டு மறுபடி மல்டிமீட்டர் வைத்தான். பீப் என்றது.

மாட்டிப் போட்டதும் அவன் ஆங்கிலத்தில் எஃப் எஃப் எஃப் என்று தட்டிப் பார்த்தான். "நீங்களே ஒண்ணு அடிச்சுப் பாருங்கக்கா" என்றான். தமிழுக்கு மாற்றித் திருநெல்வேலி என்று அடித்தேன். கொம்பும் புள்ளியும் அதன் அதன் இடத்தில் வந்து நின்றன.

"ஒரு மாசம் ஓடலாம், ஒரு வருசமும் ஓடலாம்க்கா. சொல்லிட்டேன்." 250 ரூபாய் வாங்கிக்கொண்டான். சுடலை காரியம் என்று அதிலும் 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான்.

புத்தகம் நேரத்துக்குப் போயிற்று. வெள்ளி பூசிய கோடு வைகாசி கடைசிவரை ஓடியது, சாரல் காற்று ஆரம்பித்த வாரத்தில் மறுபடி 4 போயிற்று, உடனே புதுக் கீபோர்டு போட்டுவிட்டேன். எஃப்பிலும் ஜேயிலும் விரலுக்குத் தெரிய ஒரு சின்ன மேடு இருக்குமே, புதியதில் அது பழையதைவிடத் தணிவு. முதல் இரண்டு நாள் புள்ளிக்குப் பதில் உகரம் விழுந்துகொண்டிருந்தது.

ஆனியில் ஒருநாள் தமிழய்யாவைத் தெருவில் பார்த்தபோது அந்தப் புள்ளியில்லாத தாள்களைக் கேட்டேன். பின்பக்கம் வெறுமையாக இருந்த நல்ல தாள். கணக்கெழுத ஆகுமே என்று.

"அதுவா? ஏட்டுக்கட்டோட சேத்துக் கட்டி வச்சிட்டேன் தாயி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.